பூட்டு ஒரு வண்டி, சாவி ஒரு வண்டி

போன வாரம் அம்மா வீட்டு மாடியறையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, துணிமணியை அலமாரியில் அடுக்குவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தாளே மகள், அவள் அடுக்கவில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள். நல்லவேளை. அடுக்கியிருந்தால் அம்மா அழுதிருப்பாள். அப்பா அதற்கும் சேர்த்து மருமகனைத்தான் திட்டியிருப்பார்.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தீர்கள் என்றால் உங்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா பூட்டுக் கடைக்காரர். கதவுப் பூட்டுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பவர். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பூட்டும் அதன் சாவியும் ஒரே வண்டியில் வரக் கூடாது. வழியில் எவனாவது நகல் சாவி எடுத்து வைத்துக்கொண்டால், வாங்கினவன் வீட்டுக்குப் பூட்டு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? அதனால் பூட்டு கப்பலில் வரும், சாவி தனியாகக் கூரியரில் வரும். இந்த ஏற்பாடு வீட்டை விட்டு வெளியே போனதில்லை. கடையில் வேலை செய்கிறவர்களிடம்கூட அவர் சொன்னதில்லை.

இந்தத் தடவை அதுவே வினையாகிவிட்டது. மருமகன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட், வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பவன். மாமனார் சொன்னபடியே இரண்டையும் இரண்டு வழியில் வரவழைத்துவிட்டு, காகிதத்தில் 'சாவியுடன் பூட்டு' என்று எழுதினான். சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்தார்கள். பூட்டு இருந்தது, சாவி இல்லை. சாவி வேறு வழியில் வந்து இறங்கியதும், இது ஏமாற்று வேலை என்று இரண்டையும் பறிமுதல் செய்துவிட்டார்கள்.

அப்பா தெருவே கேட்கும்படி மருமகனைத் திட்டினார். "உங்கப்பா சொன்னதைத்தானே செஞ்சேன். நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மருமகன் மனைவியைக் கேட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய்தான் பெரிய சண்டையாகி, அவளைப் பெட்டியும் கையுமாக அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டது. சரக்கு வெளியே வராமல் மாமனாரும் மருமகனும் பேசப் போவதில்லை. அவர்கள் பேசாமல் அவள் எந்த முகத்தோடு தன் வீட்டுக்குத் திரும்புவது?

இதில் குற்றமே இல்லை, சரக்கை விடுங்கள் என்று தீர்ப்பாயம் எப்போதோ உத்தரவு போட்டாகிவிட்டது. சுங்க அலுவலகம் அசைந்து கொடுத்தால்தானே! உத்தரவு இன்னும் வரவில்லை என்றார்கள். வந்துவிட்டது என்று காட்டினால், மேல்முறையீடு செய்யலாமா என்று யோசிக்கிறோம் என்றார்கள். யோசித்தாயிற்றா என்று கேட்டால், யோசிக்க வேண்டியவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கடைசியில் இவர்கள் வழக்கை நடத்தும் வக்கீலம்மா மறுபடியும் தீர்ப்பாயத்தில் போய் நின்று இரண்டாவது உத்தரவு வாங்கினார். வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் சரக்கு வெளியே வர வேண்டும். வராவிட்டால் பொறுப்பு அதிகாரி திங்கட்கிழமை நேரில் வந்து ஏன் என்று சொல்ல வேண்டும்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் மகள் கீழே இறங்கி வந்தபோது, அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் நின்றிருந்தார்.

"நானும் வர்றேன்."

அம்மா கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். சரக்குப் பிடிபட்ட நாளிலிருந்து அந்தக் கட்டடத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர் இவர்.

"அங்க மாப்பிள்ளை இருப்பாரே?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும். அவர்கிட்ட எனக்கென்ன பேச்சு? என் சரக்கை நான் பார்க்கப் போறேன்."

"ஏங்க, இன்னிக்காவது அவர்கிட்ட நல்லபடியா ரெண்டு வார்த்தை..."

"செருப்பு எங்க?"

பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வாசலில் எதிர்க்கடை அத்தை நின்றிருந்தாள். எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவரின் மனைவி. கொஞ்ச நாளாக அந்தக் கடையில் பூட்டும் விற்கிறார்கள். அத்தைக்கு இளகிய மனசு. சரக்குப் பிடிபட்டதிலிருந்து ஒரு நாள் தவறாமல் வந்து அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

"இன்னிக்காவது விடுவாங்களா அண்ணி? பாவம், நாயா அலையறீங்களே."

அவ்வளவுதான். அம்மா மடையைத் திறந்துவிட்டாள். எந்த அதிகாரி, எந்த மாடி, வக்கீலம்மா என்ன சொன்னார், மாப்பிள்ளை எப்படி இளைத்துப் போய்விட்டார், ஒன்று பாக்கியில்லை.

"அம்மா, ஒரு மைக் வெச்சுக்கயேன். கடைசி வீடு வரைக்கும் கேட்கும்" என்றாள் மகள் செருப்பை மாட்டிக்கொண்டே.

"எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கறதுக்கு நான் என்ன உங்கப்பாவா? போடி, போய்ட்டு நல்ல சேதியோட வா!"

சுங்க அலுவலகத்தில் மருமகன் கதவு திறந்ததிலிருந்தே நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மாமனாரைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். மாமனார் சுவரைப் பார்த்தார். சுவரில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று படம் போட்டிருந்தது. அதை அவர் அவ்வளவு கருத்தாகப் படித்ததைப் பார்த்தால், கட்டடம் அப்போதே பற்றிக்கொண்டது என்று நினைப்பீர்கள்.

"ஏம்மா, அந்த ரெண்டாவது உத்தரவைக் கையில வெச்சிருக்காரான்னு கேளு."

"வெச்சிருக்கேன்னு மாமாகிட்ட சொல்லு."

"முத்திரை இருக்கான்னு கேளு."

"இருக்குன்னு சொல்லு."

நடுவில் உட்கார்ந்திருந்த மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேட்குது? நான் என்ன தபால் பெட்டியா?" என்று எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனாள்.

மேசையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "சார் மீட்டிங்ல இருக்கார்."

இந்த 'சார்'தான் நமக்குப் பழக்கமான 'நாளைக்கு சார்'. எதைக் கேட்டாலும் நாளைக்கு வாங்க என்பதால் மகள் வைத்த பெயர்.

மகள் மேசையில் கையை ஊன்றிக் குனிந்தாள். "நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில இதே வேலைதாங்க பார்க்கறேன். எங்க டாக்டர் உள்ள டீ குடிச்சிட்டிருந்தா, முக்கியமான கேஸ் பார்க்கறார்னு சொல்லுவேன். உங்க சாரோடது எந்த மாதிரி மீட்டிங்?"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தும் சிரிப்பு வந்துவிட்டது.

"திட்டு வாங்குவீங்களா?"

"வாங்காம? பல் வலிக்காரங்க ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். நடுவுல நான்."

"இங்கயும் அதே கதைதாங்க." அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பின்பக்கப் படிக்கட்டுகிட்ட தண்ணி மெஷின் இருக்கு. அவர் பாட்டிலை வேற யாரையும் நிரப்ப விடமாட்டார். இப்ப வர்ற நேரம்தான். நான் சொல்லல, நீங்க கேட்கல."

மூவரும் அங்கே போனபோது நாளைக்கு சார் பாட்டிலை மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு நின்றிருந்தார். மெஷினோ சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது. பாதி நிரம்பிய பாட்டிலை விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

"நீங்களா? நாளைக்கு..."

"நாளைக்குச் சனிக்கிழமை சார்" என்றாள் மகள்.

வேறு வழியில்லாமல் தன் அறைக்கு அழைத்துப் போனார். நல்ல அறை. மேசைமேல் ஒரு காகிதம்கூட இல்லை, எல்லாம் பின்னால் அலமாரியில் அடைந்து கிடந்தன.

"நான் என்னங்க செய்யறது? பூட்டு என் பிரிவு. சாவி கூரியர் பிரிவு, பக்கத்துக் கட்டடம். நான் பூட்டை விட்டா சாவி என்னாச்சுன்னு கேள்வி வரும். அவங்க சாவியை விட்டா பூட்டு என்னாச்சுன்னு வரும். அதனால அவங்க எனக்காகக் காத்திருக்காங்க."

"நீங்க?"

"நான் அவங்களுக்காக."

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. மகளிடம் சொல்வதுபோல் அறைக்கே சொன்னார். "பார்த்தியாம்மா? தனித்தனியா வந்துச்சுன்னு என்னைப் பிடிச்சாங்க. இப்ப இவங்களே தனித்தனியா வெச்சுக்கிட்டு முழிக்கறாங்க!"

நாளைக்கு சார் கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கும் வியர்த்துத்தான் இருந்தது. "உள்ளதைச் சொல்றேன். கையெழுத்துப் போட்டா, ஏன் போட்டேன்னு மேல கேட்பாங்க. போடாம இருந்ததுக்கு இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்லை."

"திங்கட்கிழமை கேட்பாங்க சார்" என்றான் மருமகன் மெதுவாக.

 பிறகு அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மருமகன் பக்கம் நகர்த்தினார். "ஒரு வழி இருக்கு. காகிதத்தைத் தப்பா நிரப்பினது நான்தான், தப்பு என்னோடதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதைக் கோப்புல வெச்சுட்டா என் மேல எந்தப் பேச்சும் வராது. இப்பவே விட்டுடறேன். ரெண்டையும்."

மகள் அந்தத் தாளைப் பார்த்தாள். அப்படி எழுதிக் கொடுத்தால் அவன் ஏஜென்ட் உரிமம் போய்விடும். துறைமுகத்தில் அப்புறம் அவனை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அந்த அதிகாரிக்கும் தெரியும்.

மருமகன் அவளைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

என்ன மனிதன் இவன்! அவள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத் தன் பிழைப்பையே எழுதிக் கொடுக்கத் துணிந்துவிட்டான். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அவன் கேட்டது அவள் காதில் இப்போதும் கேட்டது.

"எழுதாதீங்க" என்றாள். குரல் உடைந்தது. பரவாயில்லை என்று மேலே பேசினாள். "அப்பா, இவர் எழுதிக் கொடுத்தா இவர் உரிமம் போயிடும். அப்புறம் இவருக்குத் தொழிலே இல்லை. பூட்டையும் சாவியையும் தனியா அனுப்பச் சொன்னது நீங்க. அதை அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். இப்ப சொல்றேன். நீங்கதாம்ப்பா சொன்னீங்க."

அப்பாவின் முகம் சிவந்தது. ஆச்சு, இங்கேயும் கத்தப் போகிறார் என்று அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மருமகனைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் கழித்து, சுவரைப் பார்க்காமல், மகளைப் பார்க்காமல், அவனையே பார்த்தார்.

"பேனாவை வைங்க மாப்பிள்ளை."

மருமகன் அப்படியே நின்றான்.

"வைங்கன்னு சொல்றேன்ல? இல்லாத தப்புக்கு எதுக்கு எழுதிக் கொடுக்கணும்?" அப்பா அதிகாரியிடம் திரும்பினார். "தனியா அனுப்பச் சொன்னது நான். என் தொழில்ல அதுதான் பாதுகாப்பு. அதுல குற்றமில்லைன்னு தீர்ப்பாயமே சொல்லிடுச்சு. இல்லை, தப்புதான்னு எழுதி வாங்கணும்னா திங்கட்கிழமை போறீங்களே, அங்கயே கேட்டு வாங்கிக்கங்க. இந்தப் பிள்ளைகிட்டக் கேட்காதீங்க."

'இந்தப் பிள்ளை' என்றார். மருமகன் சட்டென்று குனிந்து பேனா மூடியைத் தேடினான். மூடி பேனாவில்தான் இருந்தது.

நாளைக்கு சார் காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமையைப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "கூரியர் பிரிவா? அந்தச் சாவி விஷயம்... ஆமா, ஆமா, நான் போடறேன், நீங்களும் போட்டுடுங்க. என்னது, நாளைக்கா? நாளைக்குச் சனிக்கிழமைய்யா!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கியது போலத்தான். இத்தனை நாள் இழுத்தடித்த வேலை, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை என்றால் இத்தனை நாள் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் வயிறு எரிகிறது.

கிடங்கு வாசலில் பெட்டிகள் வந்து இறங்கின. பக்கத்துக் கட்டடத்திலிருந்து சாவிப் பெட்டியும் வந்தது. அப்பா ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஒரு பூட்டை எடுத்து, அதற்குரிய சாவியைத் தேடிப் போட்டுத் திருப்பினார். பூட்டு சத்தமில்லாமல் திறந்துகொண்டது. "துரு ஏறல" என்றார்.  பூட்டைச் சட்டை முனையால் துடைத்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார்.

வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. மாமனாரின் வழக்கம் தெரிந்தவனாயிற்றே, மருமகன் பூட்டுக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று என்று இரண்டு சொல்லி வைத்திருந்தான்.

அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு ரெண்டு? அதைத் திருப்பி அனுப்பிடுங்க மாப்பிள்ளை. எல்லாத்தையும் ஒண்ணுலயே ஏத்துங்க."

மருமகனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "மாமா, சாவியுமா?"

"சாவியும்தான். கூட நாம இருக்கோமில்ல? யார் என்ன பண்ணிடுவாங்க?" ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் பின்னாடி சரக்கைப் பார்த்துக்கிட்டு வாங்க."

பின்னால், பெட்டிகளுக்கு நடுவே, மகளும் மருமகனும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். வேன் கிளம்பியதும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டு ஒரே வார்த்தை சொன்னாள்: "கிடைச்சிடுச்சு." அந்தப் பக்கம் அம்மா போட்ட சந்தோஷக் கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு நான் என் பெட்டியை எடுத்துக்கிட்டு வந்துடட்டுமா?" என்றாள்.

"நான் தூக்கிக்கிட்டு வர்றேன். நீ சும்மா நடந்து வந்தா போதும்."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்பாடா என்றிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது.

கொஞ்ச தூரம் போனதும் அவன் தணிந்த குரலில் சொன்னான். "சரக்கை விடறதுக்கான உத்தரவைக் கொடுக்கும்போது அந்த அதிகாரி என்கிட்ட தனியா ஒண்ணு சொன்னார். அவங்களா சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறக்கலையாம். யாரோ போன் பண்ணியிருக்காங்க."

"போனா? என்னன்னு?"

"பூட்டு ஒரு வழியில வரும், சாவி வேற வழியில வரும், பார்த்துக்கங்கன்னு. பேர் சொல்லலையாம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது வெளியில யாருக்கும் தெரியாதே. அப்பாவுக்குத் தெரியும், உங்களுக்கு, எனக்கு..."

"உங்கம்மாவுக்கு" என்றான் அவன் தயங்கித் தயங்கி.

"அம்மாவா!" அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அம்மா போன் பண்ணியிருந்தா பேர், ஊர், மூட்டுவலி எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க. போனை எடுத்த ஆள்தான் அதை வெச்சிட்டு ஓடியிருப்பார்!"

அவனும் சிரித்துவிட்டான். முன்னால் அப்பா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

"அப்பாகிட்ட இன்னிக்கு இதைச் சொல்ல வேணாம்" என்றாள் அவள். "இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கட்டும்."

வேன் தெருவுக்குள் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மருமகன் இறங்கியதும் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க, எவ்வளவு நாளாச்சு!" என்று சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அப்பா அதற்குள் பெட்டியை இறக்கு, பார்த்து இறக்கு என்று ஓட்டுநரை விரட்ட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

எதிர்க்கடை அத்தையும் விவரம் கேட்க ஓடி வந்தாள். இறங்குகிற பூட்டுப் பெட்டிகளைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இறங்கிய சின்னச் சாவிப் பெட்டியைப் பார்த்தாள். அவள் புருவம் உயர்ந்தது.

"அட, என்ன அண்ணி இது அதிசயம்! ரெண்டும் ஒரே வண்டியிலயா வந்துச்சு?"

மருமகனின் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. அம்மா அத்தையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு, சரக்கு வருவதற்கு முன்பே அத்தையிடம் வாய் தவறிச் சொன்னது நினைவுக்கு வந்தவளாய், மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் முகத்தில் புன்னகை வந்தது. பல் வலி தாங்காமல் கத்துகிறவர்களைக்கூட நாற்காலியில் உட்கார வைக்கும் அதே வரவேற்பறைப் புன்னகை.

"ஆமா அத்தை, ஒரே வண்டியிலதான் வந்துச்சு" என்றாள். "உள்ள வாங்க. டீ குடிச்சிட்டே பேசலாம்."